பிளக் நுழைவது வேறு, வோல்ட் பொருந்துவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணம் பற்றிய பக்கங்களில் விசா, பருவநிலை, நாணய மாற்று, தங்குமிடம் எல்லாம் விரிவாக வருகின்றன. போகிற நாட்டில் சுவரில் எத்தனை வோல்ட் வருகிறது, சாக்கெட் என்ன வடிவத்தில் இருக்கும் என்ற இரண்டு விவரம் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. வந்தாலும், 'ஒரு யுனிவர்சல் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால்தான் சாதனங்கள் கருகுகின்றன. கடிதம் நீண்டுவிட்டதற்குக் காரணம் அதுதான். பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. மூன்று வெவ்வேறு பொருள்களை நாம் 'அடாப்டர்' என்கிறோம். போனுக்கும் லேப்டாப்புக்கும் வரும் சார்ஜர் கட்டை ஒன்று. அது சுவரிலிருந்து வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தை 5, 9, 20 வோல்ட் டி.சி.யாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றித் தருகிறது. பிளக்கின் வடிவத்தை மாற்றும் துண்டு இன்னொன்று. அதற்குள் பித்தளைத் தகடும் பிளாஸ்டிக்கும் தவிர வேறில்லை. 230 வோல்ட் உள்ளே போனால் 230 வோல்ட்தான் வெளியே வரும். மூன்றாவது, வோல்ட்டையே கூட்டவோ குறைக்கவோ செய்யும் டிரான்ஸ்ஃபார்மர் அல்லது கன்வெர்ட்டர் பெட்டி. விமான நிலையக் கடைகளில் தொங்கும் யுனிவர்சல் அடாப்டர்கள் எல்லாம் இரண்டாவது வகை. இந்தக் கடிதத்தில் இனி அதை 'வடிவத் துண்டு' என்றே சொல்கிறேன்.

முதல் வேலை, சார்ஜரின் பக்கவாட்டிலோ அடியிலோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 'இன்புட்' என்று தொடங்கும் வரியில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் (ஏ.சி. அலை நொடிக்கு எத்தனை முறை எழுந்து விழுகிறது என்ற கணக்கு) என்று இருந்தால், அந்தச் சார்ஜர் எந்த நாட்டு வீட்டு மின்சாரத்திலும் ஓடும். அதற்கு வேண்டியது வடிவத் துண்டு ஒன்றுதான். 220-240 என்று மட்டும் இருந்தால், அமெரிக்கா, கனடா, ஜப்பான், தைவான் போன்ற நாடுகளில் சரியாக ஓடாது. 110-125 என்று மட்டும் இருந்தால், 230 வோல்ட் வரும் நாட்டில் அதைச் சுவரின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. 'அவுட்புட்' வரிக்கும் சுவருக்கும் தொடர்பில்லை; அது சாதனத்துக்குப் போகும் மின்சாரத்தைச் சொல்கிறது. அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் படிப்பவர்கள் உண்டு. ஏ.சி. வரியில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு அலைக்கோடு இருக்கும், டி.சி. வரியில் ஒரு நேர்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுப் புள்ளிக்கோடும் இருக்கும். அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

நாடுகளின் வோல்ட்டைப் பார்த்தால், ஜப்பானில் 100. அமெரிக்காவிலும் கனடாவிலும் 120, தைவானில் 110, மெக்சிகோவில் 127. ஐரோப்பிய நாடுகள், பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை எல்லாம் 230. சீனாவில் 220. தென் கொரியாவில் 220 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ். சார்ஜர்களுக்கு இந்த ஹெர்ட்ஸ் வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. அறை மின்விசிறி போன்ற சில மோட்டார்களுக்கும் பழைய மின்கடிகாரங்களுக்கும்தான் அது பிரச்சினை.

இங்கேதான் பொறி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் சாக்கெட் அமெரிக்க வடிவத்தில், இரண்டு தட்டையான பின்களுக்கு ஏற்றபடி இருக்கும். வருவதோ 220 வோல்ட். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் சாதனத்தின் பிளக் அங்கே எந்தத் துண்டும் இல்லாமல் அழகாக நுழைந்துவிடும், நுழைந்தவுடன் சாதனம் பொசுங்கும். வியட்நாமிலும் தாய்லாந்திலும் தட்டைப் பின் ஏற்கும் சாக்கெட்டுகள் உண்டு. அங்கும் 220 வோல்ட்டுக்குக் குறையாது. பிரேசிலில் ஊருக்கு ஊர் 127 ஆகவும் 220 ஆகவும் மாறும். சாக்கெட் வடிவம் இரண்டுக்கும் ஒன்றே. அங்கே தங்குமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பிளக் நுழைந்துவிட்டது என்பதை வைத்து வோல்ட்டை ஊகிக்கவே கூடாது.

இன்றைய சார்ஜர் மட்டும் 100லும் 240லும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்கலாம். அது முதலில் ஏ.சி.யை டி.சி.யாக்குகிறது. 240 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு. அலையின் உச்சியில் அது சுமார் 340 வோல்ட் இருக்கும். அதனால்தான் உள்ளே இருக்கும் முதன்மைக் கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். பிறகு அந்த மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகிறது. வெளியே வருவதை அளந்துகொண்டே, சுவரில் வோல்ட் குறைவாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பையும் நீட்டுகிறது, அதிகமாக இருந்தால் குறுக்குகிறது. பழைய கனத்த சார்ஜர்களில் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரும்புப் பட்டைமேல் செம்புக் கம்பி சுற்றிய அந்த வகையில், உள்ளே பாதி வந்தால் வெளியேயும் பாதிதான். இரண்டு மடங்கு வந்தால் சுற்று சூடேறி எரிந்துபோகும். கையில் எடுத்தால் சின்ன உருவத்துக்குப் பொருந்தாத கனம் இருந்தால், லேபிளை இரண்டு தடவை படியுங்கள். முடிவெட்டும் டிரிம்மர், பல்துலக்கும் எலக்ட்ரிக் பிரஷ்ஷின் சார்ஜிங் மேடை, பழைய ரேடியோ, மசாஜ் கருவி ஆகியவற்றில்தான் ஒற்றை வோல்ட் இன்னும் அதிகம். போன், லேப்டாப், டேப்லெட், கேமரா சார்ஜர்களில் அநேகமாக எல்லாமே 100-240. அநேகமாக என்றுதான் சொல்கிறேன், லேபிள் சொல்வதே முடிவு. தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான கருவி, நெபுலைசர் போன்ற மருத்துவ சாதனங்களை எடுத்துப் போகிறவர்கள், பயணத்துக்கு முந்தைய நாள் இரவு அல்ல, வாரங்களுக்கு முன்பே அந்த வரியைப் படித்துவிட வேண்டும்.

சூடேற்றும் சாதனங்கள் தனி ஆபத்து. ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், முடி நேராக்கும் கருவி ஆகியவற்றின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் மட்டுமே. அதில் வோல்ட் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 120 வோல்ட்டில் 1,200 வாட் எடுக்கும் டிரையரை 230 வோல்ட்டில் போட்டால், கணக்குப்படி 4,400 வாட் இழுக்கும். சில நொடிகளில் சுருள் செக்கச்செவேலென்று ஆகி அறுந்துவிடும், அல்லது பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். எதிர்த்திசையில் ஆபத்தில்லை, பயனும் இல்லை: 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் கெட்டில் 120 வோல்ட்டில் ஏறக்குறைய 545 வாட்தான் தரும். தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இதற்காக விற்கப்படும் பெட்டிகளிலும் இரண்டு ரகம் உண்டு. கையடக்கமாக, எடையே இல்லாமல், 1,600 அல்லது 2,000 வாட் என்று எழுதியிருப்பவை அலையை வெட்டித் தரும் எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர்கள். அவை கம்பிச்சுருள் சாதனங்களுக்கு மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். அவற்றில் லேப்டாப் சார்ஜரைச் செருகினால், அந்தக் கரடுமுரடான அலை சார்ஜரைக் கெடுத்துவிடலாம். உண்மையான டிரான்ஸ்ஃபார்மர் சுத்தமான அலையைத் தரும். ஆனால் 100 வாட்டுக்கே கனமாக இருக்கும், 1,000 வாட்டுக்குப் பல கிலோ. சாதனத்தின் வாட்டைப் போல ஒன்றரை மடங்காவது திறன் உள்ளதை எடுக்க வேண்டும். மோட்டார் உள்ளவற்றுக்கு இரண்டு மடங்கு, ஏனென்றால் மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் மிக அதிகமாக இழுக்கும். என் கருத்தைக் கேட்டால், சில நாள் பயணத்துக்கு இந்தப் பெட்டிகளே வேண்டாம். டிரையரும் இஸ்திரிப் பெட்டியும் பல தங்குமிடங்களில் கேட்டால் கிடைக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் இரட்டை வோல்ட் பயண டிரையர் வாங்கலாம். அதில் 120, 240 என்று மாற்ற ஒரு சிறிய திருகு இருக்கும், நாணயத்தால் திருப்ப வேண்டும். ஊர் திரும்பியதும் அதைப் பழைய நிலைக்கு மாற்ற மறந்து செருகுவதுதான் இந்தச் சாதனத்தில் நடக்கும் வழக்கமான விபத்து. திருகின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி 'பார்' என்று எழுதிவைத்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன் போர்டு பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சாதனமாகவே நினைப்பதில்லை. 120 வோல்ட் நாட்டில் வாங்கிய, சர்ஜ் (வோல்ட் திடீரென்று எகிறுவது) பாதுகாப்புள்ள போர்டுக்குள் வேரிஸ்டர் என்ற சிறு வட்டத் தகடு இருக்கிறது. வோல்ட் வரம்பைத் தாண்டினால் அது தானே மின்சாரத்தைக் கடத்தி, மிகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இடி மின்னலில் வரும் ஒரு கணத் துள்ளலுக்காகச் செய்யப்பட்டது அது. 230 வோல்ட்டில் செருகினால் அந்தத் துள்ளல் நொடிக்கு நூறு முறை வருவது போலாகும். தகடு வெடித்துப் புகையும். போர்டில் செருகியிருக்கும் சார்ஜர்கள் எல்லாம் 100-240 ஆக இருந்தும் போர்டு எரிவது இதனால்தான். சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பல, சர்ஜ் போர்டுகளைக் கப்பலுக்குள் கொண்டுவரவே தடை விதிக்கின்றன. கப்பலின் மின் அமைப்பு நிலத்திலுள்ள வீடுகளைப் போல எர்த் செய்யப்பட்டதல்ல. சர்ஜ் இல்லாத, 250 வோல்ட் என்று எழுதிய சாதாரண போர்டு ஒன்றை எடுத்துப்போனால், ஒரு வடிவத் துண்டை வைத்தே குடும்பத்துச் சார்ஜர்கள் எல்லாவற்றையும் ஓட்டலாம். அந்த ஒரு துண்டின் வழியாகத்தான் மொத்தமும் போகிறது என்பதை மறந்து, அதே போர்டில் கெட்டிலைச் செருகிவிடக் கூடாது.

இனி வடிவங்கள். உலகில் ஏ முதல் ஓ வரை எழுத்துகளால் இவற்றைக் குறிக்கிறார்கள். கடையில் 'டைப் சி' என்று கேட்டால் போன் கேபிளை எடுத்து நீட்டுவார்கள். சுவர் பிளக்கின் சி வகையும் யு.எஸ்.பி. டைப்-சி முனையும் பெயரால் மட்டுமே ஒன்று. பிளக் பெயரோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஏ வகை இரண்டு தட்டைப் பின். பி வகை அதோடு ஓர் உருண்டை எர்த் பின். வட அமெரிக்காவில் இரண்டும் உண்டு. ஜப்பானில் எர்த் துளை இல்லாத ஏ சாக்கெட்டுகளே வழக்கம், மூன்று பின் பி பிளக்கோடு போனால் அது நுழையாது. இந்தத் தட்டைப் பின் சாக்கெட்டுகளின் பிடிமானம் மற்றவற்றைவிடக் குறைவு. கனமான யுனிவர்சல் துண்டும் அதன்மேல் ஒரு பெரிய சார்ஜரும் சேர்ந்தால் தொங்கி, பாதி வெளியே வந்து நிற்கும்; பின்கள் தெரியும்படி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இந்த நாடுகளுக்குப் போகும்போது குட்டியான தனித் துண்டு அல்லது ஓர் அடி நீள ஒயர் உள்ள துண்டு நல்லது.

சி வகை, 4 மி.மீ. தடிமனுள்ள இரண்டு உருண்டைப் பின், 2.5 ஆம்பியருக்கு மேல் இல்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான சாக்கெட்டுகளில் இது நுழையும். ஜெர்மனியின் எஃப் சாக்கெட்டில் எர்த் இரு ஓரங்களிலும் உள்ள பட்டையாக இருக்கும். பிரான்ஸின் ஈ சாக்கெட்டில் எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீண்டிருக்கும். இன்றைய ஐரோப்பிய மூன்று கம்பி பிளக்குகள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்துகிறபடி செய்யப்பட்டவை. சுவிட்சர்லாந்தில் மட்டும் சற்று ஏமாறுவார்கள்: அங்குள்ள ஜே சாக்கெட்டின் குழி சிறியது, ஒடுங்கிய சி பிளக் உள்ளே போகும், வட்டமான தடித்த ஜெர்மன் பிளக் போகாது. இத்தாலியில் எல் வகை, மூன்று பின்னும் ஒரே வரிசையில். அதிலும் 10 ஆம்பியருக்கு மெல்லிய பின், 16 ஆம்பியருக்குத் தடித்த பின் என்று இரண்டு அளவுகள். சி பிளக் சிறிய அளவில் சரியாகப் பொருந்தும்.

டி வகை, மூன்று உருண்டைப் பின், இந்தியாவில் வழக்கத்தில் உள்ளது. அதன் பின் 5.1 மி.மீ. 4 மி.மீ. சி பிளக்கை அதில் செருகினால் நுழையும், வேலையும் செய்யும். ஆனால் லொடலொடவென்று ஆடும். இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும், பயணச் சார்ஜர்கள் கருகுவதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று. பின்னும் உள்ளே உள்ள தகடும் முழுதாகத் தொடாமல் ஒரு முனையில் மட்டும் தொட்டால், அத்தனை மின்சாரமும் அந்தப் புள்ளி வழியே போக வேண்டும். அங்கே சூடு பிறக்கும். சூட்டில் தகடு கறுக்கும், கறுத்த இடத்தில் தடை மேலும் கூடும், சூடு மேலும் ஏறும். காதை வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்ற பொரியும் ஒலி வரும். தலைகீழாகத் தடித்த பின்னை மெல்லிய துளைக்குள் அழுத்தித் திணிப்பதும் தப்பு: உள்ளே உள்ள தகடு விரிந்துவிடும், அடுத்து வருகிறவரின் மெல்லிய பிளக் அதில் ஆடும்.

ஜி வகை, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய இடங்களில் உள்ள மூன்று பட்டைப் பின். இந்தச் சாக்கெட்டின் கீழ்த் துளைகளை ஒரு மூடி மறைத்திருக்கும். மேலே உள்ள நீண்ட எர்த் பின் நுழைந்தால்தான் அது திறக்கும். இதில் ஒரு பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ மேல் துளையில் குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு பின் ஐரோப்பிய பிளக்கைத் திணிக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. தயவுசெய்து செய்யாதீர்கள். பின்கள் பொருந்தாமல் ஆடும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: பிரிட்டன் வீடுகளில் பல சாக்கெட்டுகள் 32 ஆம்பியர் சுற்று ஒன்றில் வளையமாக இணைக்கப்பட்டிருக்கும். அவ்வளவு பெரிய சுற்றிலிருந்து ஒரு மெல்லிய ஒயரைக் காப்பது, பிளக்கிற்குள்ளேயே இருக்கும் 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ். பேனா வைத்துத் திணித்த பிளக்கில் அந்த ஃபியூஸ் இல்லை. ஒயரில் கோளாறு வந்தால், சுற்றின் பிரேக்கர் விழுவதற்கு முன்னால் ஒயர் எரியும். எனவே ஜி நாடுகளுக்கு வாங்கும் வடிவத் துண்டில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் ஒரு சிறிய மூடியோ, பின்களுக்கு நடுவில் ஒரு சிறிய உருளையோ தெரியும்.

ஐ வகை, சாய்ந்த இரண்டு பட்டைகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சீனா, அர்ஜென்டினா. பிரேசில் என் வகை. சி பிளக் அதிலும் நுழையும். தென்னாப்பிரிக்காவில் 15 ஆம்பியர் எம் வகைப் பெரிய உருண்டைப் பின் சாக்கெட்டுகள் நிறைய. பொதுவான யுனிவர்சல் துண்டில் இந்த எம் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். 'யுனிவர்சல்' என்ற சொல்லுக்கு ஏ, சி, ஜி, ஐ என்ற நான்கு என்றுதான் பொருள்.

அந்த யுனிவர்சல் துண்டின் இன்னொரு குறையை அட்டைப் பெட்டி பெரிதாகச் சொல்வதில்லை. பெரும்பாலானவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. ஜி வடிவத்துக்கு நீட்டும்போது வரும் மூன்றாவது பின் பிளாஸ்டிக்காக இருக்கும். சாக்கெட்டின் மூடியைத் திறப்பதற்கு மட்டும் அது. போன் சார்ஜருக்கு இது பாதகமில்லை. அதன் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் எர்த் தேவையில்லை என்று பொருள். ஆனால் மூன்று பின் லேப்டாப் சார்ஜரை இப்படிப்பட்ட துண்டில் போட்டால், லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொடும்போது கையில் மெல்ல 'சுர்'ரென்று கூசும். டெஸ்டர் வைத்தால் விளக்கு எரியும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க சார்ஜருக்குள் வைத்திருக்கும் குட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும், இல்லாவிட்டால் தொடுகிறவர் வழியே போகப் பார்க்கும். கூச்சம் அளவில் இருந்தால் நல்ல சார்ஜரில் ஆபத்தில்லை. சுளீரென்று அடித்தால் அந்தச் சார்ஜரை உடனே கழற்றிவிட வேண்டும், திரும்பவும் செருகிப் பார்க்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற உலோக உடம்புச் சாதனத்தை எர்த் இல்லாத துண்டில் ஒருபோதும் போடக் கூடாது. அங்கே எர்த் என்பது உயிர்.

யுனிவர்சல் துண்டில் '6 ஆம்பியர்' என்று எழுதியிருந்தால், 230 வோல்ட்டில் 1,380 வாட், 110 வோல்ட்டில் 660 வாட், அவ்வளவுதான். அட்டையில் பெரிய எண்ணை மட்டும் போடுவார்கள். வாங்கும்போது கையில் வைத்து ஒரு வடிவத்தின் பின்னை நீட்டிப் பாருங்கள்: இன்னொரு வடிவமும் அதே நேரத்தில் நீள அனுமதித்தால் வாங்காதீர்கள். சுவரில் ஒரு பின் செருகியிருக்கும்போது, வெளியே நீண்ட மற்றப் பின்னிலும் மின்சாரம் இருக்கும். நல்ல துண்டு ஒன்றை நீட்டினால் மற்றதைப் பூட்டிவிடும். செருகிப் பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடும் பொசுங்கும் வாசமும் சரியில்லை.

இப்போது பலருக்கு நல்ல வழி, ஒரே ஒரு 65 வாட் யு.எஸ்.பி. டைப்-சி சார்ஜரும் ஒரு வடிவத் துண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன், டேப்லெட், கேமரா, ஹெட்ஃபோன் போன்றவற்றுக்கு இந்த முனை கட்டாயம்; லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதல். ஆனால் முனை ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் முனைக்குள் அடையாளச் சிப் உள்ள 5 ஆம்பியர் கேபிள் தேவை. 100 வாட் சார்ஜர் இருந்தும் லேப்டாப் மெதுவாக ஏறினால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். பல துளைகள் உள்ள சார்ஜரில் இரண்டாவது சாதனத்தைச் செருகியதும் 65 என்பது 45, 20 எனப் பிரியும். பிரியும் அந்தக் கணத்தில் இரண்டு துளைகளிலும் மின்சாரம் ஒரு நொடி நின்று வரும். ஹார்ட் டிஸ்க் போன்றவற்றை அந்த மின்சாரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தால் அறுந்துபோகும். சில போன்களின் அதிவேகச் சார்ஜிங் அந்தந்த நிறுவனத்தின் சார்ஜர், கேபிள் இரண்டும் இருந்தால்தான் நடக்கும். பொதுச் சார்ஜரில் மெதுவாகத்தான் ஏறும். லேபிளிலேயே 100-130 வோல்ட்டுக்கு ஒரு வாட்டும் 200-240 வோல்ட்டுக்கு அதிக வாட்டும் எழுதியுள்ள சார்ஜர்களும் உண்டு. அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ போனதும் வேகம் குறைந்தால் அது கோளாறு இல்லை.

பவர் பேங்க் பற்றிச் சுருக்கமாக. அது கைப்பையில் மட்டுமே போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போகவே கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் இடமில்லை. மில்லி ஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் வாட்-மணி வரும்: 20,000 என்றால் 74; 27,000 என்றால் 99.9. யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை வைத்துப் பெருக்குவது தவறு. உள்ளே உள்ள பேட்டரி 3.7 வோல்ட். அச்சு அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்துவிடலாம். சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாதவற்றுக்கு அனுமதியில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டது. விதிகள் இறுகிக்கொண்டே போவதால், டிக்கெட் வாங்கிய நிறுவனத்தின் விதியைப் பயணத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

தங்குமிட அறையில் சில சிறு சங்கடங்கள். கதவருகே அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் சார்ஜிங் நின்றுவிடும். அட்டை இல்லாமலும் ஓடும் சாக்கெட் ஒன்று எங்காவது இருக்கிறதா என்று வரவேற்பில் கேளுங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சாக்கெட்டிலேயே ஸ்விட்ச் இருக்கும். அமெரிக்க அறைகளில் சில சாக்கெட்டுகள் வாசலில் உள்ள விளக்கு ஸ்விட்ச்சோடு இணைந்திருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் போன் காலியாக இருக்கும். குளியலறையில் 'ஷேவர்' என்று எழுதிய, 115, 230 எனக் குறித்த சாக்கெட்டின் பின்னால் மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது. அதில் லேப்டாப்பும் டிரையரும் கூடாது. விமான இருக்கையின் சாக்கெட்டிலும் வாட்டுக்கு வரம்பு உண்டு. பெரிய சார்ஜரைச் செருகியதும் பச்சை விளக்கு அணைந்தால் வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள்: லேப்டாப்பை மூடி அணைத்துவிட்டுச் செருகினால் இழுவை குறைந்து பல நேரம் வேலை செய்யும்.

விமான நிலையத்தில் சுவரில் நேரடியாகப் பதித்த யு.எஸ்.பி. துளைகளைவிட, சொந்தச் சார்ஜரை மின் சாக்கெட்டில் செருகுவதே சரி. யு.எஸ்.பி. வழியே மின்சாரத்தோடு தகவலும் போக வழியுண்டு. வேறு வழியில்லாதபோது, போன் 'தகவல் பகிரலாமா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நாட்டைப் பற்றிய பயணக் கட்டுரை எப்போது வந்தாலும், அதன் ஓரத்தில் ஒரு வரி போடுங்கள்: வோல்ட், ஹெர்ட்ஸ், பிளக் எழுத்து. 'ஜப்பான்: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், ஏ', 'தென் கொரியா: 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், சி மற்றும் எஃப்' என்ற அளவு போதும், அரை அங்குல இடம்கூட ஆகாது. வடிவத் துண்டு தயாரிப்பவர்களும் 'யுனிவர்சல்' என்ற சொல்லை எவ்வளவு பெரிதாக அச்சிடுகிறார்களோ, அதே அளவில் 'இது வோல்ட்டை மாற்றாது' என்றும் 'எர்த் இல்லை' என்றும் அட்டையின் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மின்சாதனப் பழுதுநீக்கும் பணியில் உள்ள வாசகர்